அவசரத்துக்குக் கீரை

சிக்னல்காரர் வீட்டுத் தோட்டத்துக் காயைத் தின்றவர்கள் சிக்னல்காரருடைய பேச்சைப் பேசினார்கள். முதலில் பேசியவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, வெங்காய விலை இறங்கியிருந்த வாரம். மதிலுக்கு மேலாகச் சிக்னல்காரரின் மனைவி நீட்டிய கிண்ணத்தை வாங்கி, நின்றபடியே நாலு துண்டு கத்தரிக்காயை வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "அந்த மூணுகால் ஸ்டூல்ல ஏறி மேல் அலமாரியைக் குடையாதே. ஒரு கால் ஆடுது. சொன்னா நான் எடுத்துத் தரமாட்டேனா?" என்றார். பதினெட்டு வருடமாக அவளை ஆபரேட்டரம்மா, வாங்க, போங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பழகிய மனிதர். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் பேசியது என்று தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னோம் என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை. ஆபரேட்டரம்மாவுக்கு நினைவிருந்தது. அவள் அந்த ஸ்டூலில் ஏறி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவரோ அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டவர்.

அவர் அப்படித்தான். ரயில் நிலையத்துக்கு வெளியே, மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கண்ணாடி அறையில் நின்று, முப்பத்தாறு வருடம் லீவரை இழுத்தும் கொடியைக் காட்டியும் ரயில்களை நிறுத்தி, அனுப்பி ஓய்வு பெற்றவர். எந்த ரயிலும் அவரிடம் பேசியதில்லை, அவரும் ரயில்களிடம் பேசியதில்லை, போக்குவரத்து ஒழுங்காகத்தான் நடந்தது. வீட்டிலும் அதையே நடத்தினார். உள்ளங்கையைக் காட்டினால் சோறு போதும். இரண்டு விரலை ஆட்டினால் இன்னொரு டம்ளர் தண்ணீர். கேட்டதற்குப் பதில் உண்டு, அதுவும் தந்தி கொடுப்பவர் வார்த்தைக்குக் காசு பார்ப்பது போல. கல்யாணமான புதிதில் அது கூச்சம் என்று ஆபரேட்டரம்மா நினைத்தாள். மகள் பிறந்த பிறகு அது குணம் என்று நினைத்தாள். ஓய்வு பெற்று இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு, அது தன்மேல் உள்ள சலிப்பு என்று முடிவுகட்டினாள். அந்த முடிவு அவளைத் தின்றது.

அவள் தொழிலோ பேச்சு. சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், பகலில் ஒரே ஆபரேட்டர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முப்பத்துமூன்று வருடம் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தாள். பிறப்பு, இறப்பு, சண்டை, சமாதானம், எருமை தொலைந்தது, எருமை கிடைத்தது, எல்லாம் அவள் வலது காது வழியாகத்தான் போய்வந்தன. பைத்தியங்களும் உண்டு. தினமும் மூன்று ஐம்பதுக்கு ஒருவன் கூப்பிடுவான். "மணி என்னங்க?" என்று மட்டும் கேட்பான். அவள் சொன்னதும் வைத்துவிடுவான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், கடிகாரம் வாங்கக்கூட வக்கில்லையா என்று கேட்டுவிட்டாள். மறுநாள் சரியாக மூன்று ஐம்பதுக்கு மணி அடித்தது. கையால் லைன் கொடுக்கும் போர்டு போய், அவளை விசாரணைப் பிரிவில் உட்காரவைத்த பிறகும் அவன் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடிகாரமில்லாதவனைப் பற்றி அவள் திட்டித் தீர்க்கும்போது சிக்னல்காரர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். அவள் ஓய்வு பெற்ற நாளன்று கடைசியாக வந்த அழைப்பும் அவனுடையதுதான்.

ஓய்வோடு வலது காதும் ஓய்வு வாங்கிக்கொண்டது. இடது காது பாதிதான் இருந்தது. இரண்டு வருடம் கழித்துக் காது டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்துவிட்டு, நரம்பு பட்டுப்போய்விட்டது, கருவி வைத்தாலும் பலனில்லை, மழைக்காலம் வருவதற்குள் இதுவும் போய்விடும் என்று பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து மகள் பேசினால் அவளுக்குக் கரகரப்புதான் கேட்டது. ரிசீவரைக் கணவரிடம் கொடுப்பாள். அவர் "ம்" என்பார், வைத்துவிடுவார். ஊருக்கே லைன் கொடுத்தவளுக்குத் தன் வீட்டு லைன் கிடைக்கவில்லை.

சிக்னல்காரர் ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுக்குப் பின்னால் இருந்த பன்னிரண்டு அடிக்கு இருபது அடி மண்ணைக் கொத்த ஆரம்பித்திருந்தார். வேலையை விட்டபோது ஆபீசில் பழைய பச்சைக்கொடி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நாலு குச்சியில் கட்டி நாற்றுகளுக்கு நிழலாகப் போட்டார். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றும்போது அவர் வாய் அசைவதை ஆபரேட்டரம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எதையோ மெல்லுகிறார் என்று நினைத்தாள். தையல்காரர் ஸ்டூலைப் பற்றிப் பேசிய அன்றுதான் அவளுக்கு விளங்கியது. மனிதர் செடிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறார், செடிகள் கேட்டதைக் காயில் வைத்துக்கொள்கின்றன.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். தபால்காரப் பெண் ஒரு முள்ளங்கியைக் கடித்துவிட்டு, "ராத்திரி இருமினியே, கஷாயம் ஏதாவது வச்சுக் குடிச்சியா?" என்று விசாரித்தாள். மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டு தக்காளி தின்றுவிட்டு, ஆபரேட்டரம்மாவின் நீலப் புடவை அவளுக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி, வெட்கத்தில் மீட்டரைப் பார்க்காமலே போனார். அந்த மாதம் மின்சாரக் கட்டணம் பழையபடியே வந்தது. மகள் ஒரு முறை வந்து வெண்டைக்காயைத் தின்றுவிட்டு, "உன் பொண்ணு சிரிக்கும்போது அப்படியே நீதான்" என்று தன்னைப் பற்றித் தானே சொன்னாள். தின்றவர் யாருக்கும் சொன்னது நினைவில் தங்கவில்லை. பேச்சு வாயை விட்டுப் போனதும் ருசியோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஆபரேட்டரம்மா தானும் தின்று பார்த்தாள், ஒருமுறை அல்ல, பலமுறை. அவள் வாயில் ஒன்றும் வரவில்லை. கட்டியவளுக்கு மட்டும் வெறும் காய்தானா என்று அவளுக்கு அழுகை வந்தது.

இது எதுவும் சிக்னல்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் செடிகளிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவார் என்று அவள் பயந்தாள். அவர் முன்னால் யாரும் காயைத் தொடக்கூடாது என்று தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டானது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்தத் தெரு ஒரு வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தது, சாப்பிடுவதற்கு மட்டும் திறந்தது. வந்த பேச்செல்லாம் நல்ல பேச்சுதான். ஆனால் அவள் தேடிய பேச்சு வரவில்லை. இவ்வளவு பேச்சை வைத்திருந்த மனிதர் ஏன் தன்னிடம் பேசவில்லை? அந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அதுவும் மழைக்கு முன், இடது காது மிச்சம் இருக்கும்போதே வேண்டும். அவள் கண் தோட்டத்து மூலையில் கிடந்த பூசணியின் மேல் விழுந்தது. அந்தக் கொடியில் அது ஒன்றுதான் காய்த்திருந்தது. சிக்னல்காரர் அதன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் எழுந்திருக்காமல், நூறு நாளுக்கு மேலாக வாயசைத்துக்கொண்டிருந்தார். பதில் இருந்தால் அதில்தான் இருக்கும்.

பூசணி பறிக்க நாள் வந்தது. முந்தின நாளே தையல்காரர், அவர் மனைவி, தபால்காரப் பெண் மூவரையும் மதியம் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். தன் இடது பக்கமாக உட்கார்ந்து சத்தமாகப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. சிக்னல்காரரை மூன்று மணி வரை தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளப் புதுப் பாத்தி வேலை ஒன்றையும் அவர் தலையில் கட்டியிருந்தாள். அன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வழக்கம் போல முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். பால் பொங்குவதைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, காதால்தான் பிடிப்பாள். தீய்ந்த வாசனை வந்து திரும்பினால் அடுப்பெல்லாம் பால். இடது காதருகே விரலைச் சொடுக்கினாள். இன்னொரு முறை சொடுக்கினாள். கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையெட்டும் தூரத்தில் வைத்துப் பறித்துக்கொண்டது மாதிரி இருந்தது. அடுப்பைத் துடைத்தாள், முகத்தைக் கழுவினாள், தோட்டத்துக்குப் போனாள். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து அழ அவளுக்குத் தெரியாது.

சிக்னல்காரர் கீரை விதையை மணலோடு கலந்து வைத்திருந்தார். அப்படித் தூவினால்தான் விதை ஓரிடத்தில் குவியாது. அவள் பாத்தி ஓரத்தில் கயிற்றைப் பிடிக்க, அவர் தூவிக்கொண்டே நகர்ந்தார். சாய்ந்த பீன்ஸ் கொடிகளைத் தையல்காரர் கொடுத்த துணிக் கிழிசல்களால் இருவரும் சேர்த்துக் கட்டினார்கள். வெண்டையைக் கத்தியால் அறுத்தாள், கத்தரியைக் காம்போடு எடுத்தாள், முள்ளங்கியை அவர் பிடுங்கி மண்ணைத் தட்டித் தந்தார். எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. அவருடன் வாழ்ந்த வாழ்க்கைக்கும் காது போன இந்தக் காலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் பூசணி. காம்பு காய்ந்திருந்தது. சிக்னல்காரர் விரல் முட்டியால் அதைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார். முற்றியதா இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்வது எப்போதும் அவள் வேலை. அவள் குனிந்து, கேட்காத காதை அதன்மேல் வைத்தாள். சத்தம் இல்லை. ஆனால் கன்னத்தில் ஓர் அதிர்வு ஏறியது. லைன் கிடைக்காமல் நூறு பேர் காத்திருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் போர்டு அப்படித்தான் அதிரும். ஆபரேட்டரம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுந்து தலையாட்டினாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தரையில் வைத்தார்கள்.

வெட்டும்போது கத்தி பிடிவரை அதிர்ந்தது. விதைகளை வழித்தெடுத்துத் துணியில் உலரப் போட்டாள். தோலைச் சீவி, பெரிய துண்டுகளாக நறுக்கி, வெங்காயத்தை வதக்கி, உப்பும் மிளகும் போட்டுச் சின்ன நெருப்பில் மூடிவைத்தாள். மூடி தானாக எழுந்து எழுந்து உட்கார்ந்தது. விருந்தாளிகளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அதற்குள் மூவரும் தட்டோடு சமையலறைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறினாள். தின்றார்கள். தையல்காரர் வாய் முதலில் திறந்தது, பிறகு அவர் மனைவி வாய், பிறகு தபால்காரப் பெண் வாய். முப்பத்துமூன்று வருடம் முகமில்லாத குரல்களைக் கேட்டவள் முன்னால் இப்போது குரலில்லாத முகங்கள் மூன்று அசைந்தன. தையல்காரர் பேசிக்கொண்டே அழுதார். தபால்காரப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஆபரேட்டரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரோ தன் வீட்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டது போல நின்றாள்.

அப்போதுதான் திறந்திருந்த பின்வாசல் வழியாக, பாத்திக்கு அந்தப் பக்கம் நின்ற சிக்னல்காரரைக் கவனித்தாள். தையல்காரரின் குரல் கட்டுப்பாட்டை மீறித் தோட்டத்தின் கோடிவரை போயிருக்க வேண்டும். அவர் கையில் பூவாளி சாய்ந்து, தண்ணீரெல்லாம் அவர் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. சட்டை இல்லாமல் நிற்கும்போது கதவைத் திறந்துவிட்டது மாதிரி ஒரு முகம். இத்தனை நாள் மண்ணில் புதைத்ததெல்லாம் எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குக் கேக்கலை!" என்று ஆபரேட்டரம்மா கத்தினாள். தன் குரலின் அளவு தெரியாததால் தெருக்கோடி வரை கேட்டது. "காது போயிடுச்சு. காலையிலேயே போயிடுச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலை!" தபால்காரப் பெண் பையில் பென்சிலைத் தேடி எடுத்தாள். எதை எழுதுவது என்று தெரியவில்லை. பேச்சு போய்விட்டது. பாத்திரத்தில் அடியில் ஒட்டியது மட்டும் மிச்சம். ஆக்கியவள் கடைசியில் தின்பதுதானே, ஆபரேட்டரம்மா பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடியைச் சுரண்டி, வீம்புக்கு வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் வாய் திறந்தது. காது இருந்தவரை அவளுக்கான பேச்சு காது வழியாக வந்தது, அது அடைத்துப்போன பிறகு வேறு வழியாக வந்தது என்று தையல்காரர் பிற்பாடு விளக்கம் சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இல்லை. கேட்காவிட்டால் என்ன, பேசிப் பிழைத்தவளுக்குத் தன் நாக்கு எந்த எழுத்துக்கு எங்கே தொடும் என்று தெரியாதா? ஒவ்வொரு வார்த்தையும் நாக்கிலும் மேலண்ணத்திலும் நெஞ்சுக்கூட்டிலும் பட்டுப் பட்டு வெளியே போனது. மற்றவர்களைப் போல அவளுக்கு அது மறக்கவும் இல்லை.

"கல்யாணமான ஆறாம் நாள் நீ வேலையிலேருந்து வந்து காதைப் பொத்திக்கிட்டு உக்காந்தே. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, வீட்டுலயாவது எங்கிட்ட யாரும் பேசாம இருந்தா போதும்னே. சரின்னு இருந்தேன். சிகப்பைப் போட்டவங்கதான் எடுக்கணும், நடுவுல நிக்கறவன் தானா எடுத்துட்டுப் போகக்கூடாது, எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். நீ எடுப்பேன்னு பார்த்தேன். நீ மறந்தே போயிட்டே. ஆனா உன் குரல் கேக்காம என்னால இருக்க முடியலை. அதான் தினம் மூணு அம்பதுக்கு கேபின்லேருந்து கூப்பிட்டு மணி கேப்பேன். நீ சொல்லுவே. எனக்கு எதிர்ல சுவத்துலயே பெரிய கடிகாரம் இருந்துது."

பாத்திரம் கீழே விழுந்து உருண்டு படிக்குப் போனது. அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. புருஷன் குரலை ஒரு தடவைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் அவள் கேட்டதே இல்லை. அந்த ஆறாம் நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. ஒரு பெண் அலுப்பில் ஆயிரம் சொல்வாள். அதை ஒருவர் முப்பத்தைந்து வருடம் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார், கடிகாரம் இல்லாதவன் என்ற வசவையும் வாங்கிக்கொண்டு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, எது முந்தியது என்று பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. படியிறங்கி, நேரே நாற்றங்காலுக்குப் போய், நாலு குச்சியிலிருந்தும் பச்சைக்கொடியை உருவினாள். மண்ணை உதறி, கையை நன்றாக உயர்த்தி, அவருக்கு முன்னால் ஆட்டினாள். வெயிலில் வெளுத்திருந்தாலும் பச்சை பச்சைதான். சிக்னல்காரர் பூவாளியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு பேச ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரம் வரை நிறுத்தவில்லை. ஆபரேட்டரம்மா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

எழுதிக் காட்டலாமே என்று மகள் ஒரு நோட்டு வாங்கி அனுப்பினாள். அதில் முதல் பக்கத்தில் 'பால் வாங்கணும்' என்று இருக்கிறது, அதற்கு மேல் அவருக்கு எழுத்தில் வரவில்லை. தோட்டத்தில்தான் வந்தது. காலையில் அவர் பாத்தி பாத்தியாக நின்று செடிகளிடம் பேசுகிறார். அவள் பறித்துச் சமைத்துத் தின்கிறாள். அவர் பேச்சு அவள் வாயில் வருகிறது, அதற்கு அவளே அதே வாயால் பதில் சொல்கிறாள், அவர் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். தெருவில் நடந்து போகிறவர்களுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு குரல்தான் கேட்கும், ஆனால் இரண்டு பேர் பேசுவார்கள். பயிர் விளையும் காலத்தைப் பொறுத்துப் பேச்சு தாமதமாகும் என்பதால் சிக்னல்காரர் யோசித்து விதைக்கிறார். அவசரத்துக்குக் கீரை, இருபது நாளில் போய்ச் சேரும். சாதாரணச் சேதிக்கு முள்ளங்கி, வெண்டை. ஆற அமரச் சொல்ல வேண்டியதற்குப் பூசணி. அன்று உலரப் போட்ட விதைகளில் மூன்று முளைத்திருக்கின்றன. அன்று காலையே தூவிய கீரையில் முதன்முதலாக வந்த சேதி, "உப்பு கொஞ்சம் கம்மி." ஆபரேட்டரம்மா கரண்டியை வைத்துவிட்டு, "எப்பலேருந்து?" என்று கேட்டாள். அவர் பத்து விரலையும் மூன்று தடவை விரித்துக் காட்டி, பிறகு ஒரு கையை விரித்துக் காட்டினார்.

இப்போதெல்லாம் பிற்பகலில் அவள் அடுப்படி வேலையை முடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் கீழ் நிற்கிறாள். யாரும் கேட்பதில்லை. முள் சரியான இடத்துக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்து, எக்ஸ்சேஞ்சில் சொன்ன அதே தோரணையில், "மணி மூணு அம்பதுங்க!" என்று சொல்கிறாள். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்கிறாள். பாத்தியில் குனிந்திருப்பவர் நிமிர்ந்து கையை உயர்த்துகிறார். தெருவில் எல்லோரும் அதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.